இரவுப் பேருந்தில் ஒரு ஃபஜ்ர்

முஸாஃபிர் பக்கம்



ஊரில் இருக்கும்போது நமது தீனைப் பேணுவதற்கு எத்தனையோ துணைகள் உள்ளன. பாங்கோசை நம்மை எழுப்புகிறது. பள்ளிவாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. அடுப்பில் வேகும் இறைச்சி எந்தக் கடையில் வாங்கியது என்று இல்லத்தரசிக்குத் தெரியும். இத்துணைகள் ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் இரவு தங்கிப் பார்த்தால்தான் நம்மிடம் உள்ளது எவ்வளவு என்பது நமக்கே புலப்படும். அப்படி ஓர் இரவை நான் இருமுறை கழித்திருக்கிறேன். இருமுறையும் பேருந்து ஒன்றில், தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கிலிருந்து தெற்குப் பகுதி நகரமான ஹாட்யாய் வரை. முதல்முறை தோற்றேன். இரண்டாம் முறை, வல்ல நாயன் கிருபையால், தோற்கவில்லை. அவ்விரண்டையும் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

பாங்காக்கில் என் காக்கா கல் வியாபாரம் செய்கிறார். சீலோம் சாலையை ஒட்டிய தெருக்களில் மாணிக்கமும் நீலமும் விற்கும் நம் கடற்கரை ஊர்க்காரர்களை வாசகர்கள் அறிவீர்கள். என் தங்கை வாழ்க்கைப்பட்டது பினாங்கில். காக்காவைக் கண்டுவிட்டுத் தங்கை வீடு செல்ல வேண்டுமானால் ஹாட்யாய் வரை பேருந்தில் போய், அங்கிருந்து எல்லை கடந்து மலேசியாவினுள் நுழைவது ஒரு வழி. விமானமும் உண்டு, ரயிலும் உண்டு. ஆயினும் நாட்டையும் மக்களையும் அருகிருந்து பார்க்கப் பேருந்துக்கு நிகரில்லை.

தூரம் சுமார் 950 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்று, மீண்டும் மதுரை வரை திரும்பி வருவது போன்ற தொலைவு. பதின்மூன்று மணி நேரம் ஓடும். பெரும்பாலான வண்டிகள் மாலையில் புறப்பட்டுக் காலையில் சேரும். தெற்கே செல்லும் பேருந்துகளுக்குப் பாங்காக்கின் மேற்குப் புறத்தில் தனி நிலையம் இருக்கிறது. ‘சாய் தாய்’ என்று சொன்னால் எந்த வாடகைக் காரோட்டியும் கொண்டு சேர்ப்பார். தெற்கு வழி என்பது அதன் பொருள்.

முதற்பயணம் 2012ஆம் ஆண்டில். தனியே சென்றேன். சீட்டைக் கையில் வாங்கியதும் திகைத்துப் போனேன். ஆண்டு 2555 என்று அச்சிட்டிருந்தது! தாய்லாந்தில் புத்தர் ஆண்டே வழக்கில் உள்ளது. நமது ஆங்கில ஆண்டுடன் 543 கூட்டினால் அது வரும். நேரம் சொல்லும் முறையோ இன்னும் விந்தையானது. நாளை ஆறாறு மணியாகப் பிரித்து எண்ணுவது அவர்கள் பேச்சு வழக்கு. இரவு எட்டு மணி அவர்களுக்கு ‘ஸோங் தும்’, அதாவது இரவின் இரண்டு. பின்னிரவு இரண்டு மணி ‘தீ ஸோங்’. பிற்பகல் இரண்டு மணி ‘பாய் ஸோங்’. மூன்றிலும் ‘ஸோங்’ என்னும் இரண்டு இருக்கிறது. ‘இரண்டு மணி வண்டி’ என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனவர் எந்த இரண்டுக்குக் காத்திருப்பார்? எனவே சீட்டில் இருபத்துநான்கு மணிக் கணக்கில் அச்சிட்டிருப்பதையே நம்புக.

நான் ஏறியது இருபத்துநான்கு இருக்கைகள் மட்டுமே கொண்ட உயர் வகுப்பு வண்டி. வரிசைக்கு மூன்று இருக்கைகள்: ஒரு புறம் இரண்டு, மறுபுறம் ஒன்று. கால் நீட்டிச் சாயலாம். கம்பளி தருகிறார்கள், தண்ணீர் தருகிறார்கள். குளிரூட்டியின் குளிரோ கம்பளியையும் மீறி எலும்பைத் தொடும். பணிப்பெண் ஒருவர் ஒவ்வொரு பயணிக்கும் கைகூப்பிச் சிறிய தின்பண்டப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். திறந்தேன். மெத்தென்ற ரொட்டி, அதன்மேல் பஞ்சு பஞ்சாக ஏதோ தூவியிருந்தது. கையில் எடுத்துவிட்டேன்.

“அதை உண்ணாதீர்கள்” என்று மலாய் மொழியில் ஒரு குரல் தடுத்தது. நடைபாதைக்கு அப்பால் அமர்ந்திருந்த வெண்தொப்பிப் பெரியவர். தென் தாய்லாந்துக்காரர். இளமையில் சில ஆண்டுகள் பினாங்கில் இருந்தவன் நான். மலாய் ஓரளவு வரும். “அது பன்றி இறைச்சியை உலர்த்தி நார் நாராக்கியது. இங்கே ‘மூ’ என்றால் பன்றி. பணிப்பெண்ணிடம் ‘இஸ்லாம்’ என்று ஒரு சொல் சொல்லுங்கள், போதும். மாற்றித் தருவார்” என்றார்.

நான் சொல்லவில்லை. பெட்டியை மூடி இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டேன். அந்நிய நாடு, தெரியாத மொழி, இருபது பேருக்கு நடுவே ஒரு பெண்ணை அழைத்து எனக்கு மட்டும் வேறு கொடு என்று கேட்பதா என்று ஒரு கூச்சம். அக்கூச்சம் அன்றிரவு முழுதும் என்னை ஆட்டி வைத்தது.

நள்ளிரவு கடந்து சும்போன் நகரை நெருங்கும்போது, பெரியதோர் உணவுக் கூடத்தின் முன் வண்டி நின்றது. சீட்டோடு இணைந்த கூப்பனைக் கொடுத்தால் உணவு. மேசைகளில் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நாவெழவில்லை. கையிலிருந்த பிஸ்கோத்தைத் தின்று, வெளியே ஓர் ஓரமாக இஷாவை இரண்டு ரக்அத் கஸ்ராகத் தொழுது முடித்தேன். ஏறிய பிறகே பெரியவர் சொன்னார்: “மூலையில் முஸ்லிம்களுக்கென்று தனி மேசை போட்டிருந்தார்களே! உங்களைத் தேடினேன்.”

இவையெல்லாம் வயிற்றோடு போகும் நட்டம். பெரு நட்டம் விடியலில் காத்திருந்தது. ஃபஜ்ருக்கு வண்டியை எங்காவது நிறுத்துவார்களா என்று புறப்படும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்காவது நிற்கும், அப்போது இறங்குவோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கண் மூடினேன். விழித்தபோது கண்ணாடிக்கு வெளியே ரப்பர் மரங்களின் இடையே வெயில் விழுந்திருந்தது. பத்தாலுங் நகரை அடுத்து வந்துகொண்டிருந்தோம். வக்து கடந்துவிட்டது.

பெரியவர் தம் இருக்கையிலேயே அமர்ந்து தொழுதுவிட்டதாகச் சொன்னார். “உங்களை எழுப்பலாமா என்று தயங்கினேன். அசந்து தூங்கினீர்கள்” என்றார். அவருக்கும் ஒரு கூச்சம்! நான் பதில் பேசவில்லை. ஹாட்யாயில் இறங்கி, விடுதி அறையில் களாத் தொழுதபோது, யாரும் என்னைத் தடுக்கவில்லையே, நானாகத்தானே விட்டேன் என்ற எண்ணம் நெஞ்சை அறுத்தது.

பிரியும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். பாங்காக் கடைத்தெருவில் என்னைச் சுட்டிக்காட்டிச் சிலர் ‘கேக்’ என்று பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். ஏளனமோ என்று மனம் புண்பட்டிருந்தது. அவர் சிரித்தார். “அச்சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள். இந்தியர், அரபியர், மலாய்க்காரர் எல்லாரையும் அப்படிச் சொல்வது இந்நாட்டுப் பழக்கம். எங்களுக்கு அது பிடிப்பதில்லை. நாங்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். எங்கள் பாட்டனாரின் கபுரும் இங்கேதான் இருக்கிறது. எங்களை விருந்தாளி என்றால் வருத்தம் வராதா? ஆனால் நீங்கள் மெய்யாகவே விருந்தாளி. உங்களுக்கென்ன வருத்தம்? விருந்தாளி தனக்கு வேண்டியதைச் சொன்னால்தானே வீட்டுக்காரருக்குத் தெரியும்!”

அவர் சொன்னதை நெடுநாள் அசைபோட்டேன். தமிழர் அந்த மண்ணுக்கு விருந்தாளியாகச் சென்றது இன்று நேற்றல்ல. அதே தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டினது என்பர். அவனிநாரணம் என்ற பெயருடைய ஒரு குளத்தையும், அதன் காவலை ஏற்ற மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் அது குறிக்கிறது. பொருளீட்டச் சென்ற இடத்தில் குளம் காத்திருக்கிறார்கள். விருந்தாளி வாங்கிக்கொண்டு மட்டும் போக வேண்டியதில்லை, பிறருக்கும் பயன்படும் ஒன்றை விட்டுச் செல்லலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

இரண்டாம் பயணம் 2023 ஜனவரியில். இம்முறை என் துணைவியாரும் உடன் வந்தார். முன்பட்ட பாட்டைக் காக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் தம் கடையில் பணிபுரியும் தாய்லாந்துச் சகோதரரை அழைத்து ஓர் அட்டையில் அவர்கள் எழுத்தில் நான்கே வரிகள் எழுதச் செய்தார்: ‘வணக்கம். நாங்கள் முஸ்லிம்கள். பன்றியும் பிற இறைச்சியும் உண்பதில்லை. இஸ்லாமிய உணவு இருந்தால் மகிழ்ச்சி. விடியற்காலை ஐந்தரை மணியளவில் வண்டி எங்காவது நின்றால், தொழுவதற்குப் பத்து நிமிடம் வேண்டும். முடியாவிட்டால் வருத்தமில்லை. நன்றி.’ இறுதிக்கு முந்திய வரியைக் காக்காவே சேர்க்கச் சொன்னார். “கேட்பது நம் உரிமை. மற்றப் பயணிகளின் நேரம் அவர்கள் உரிமை. அதையும் சொல்லிவிடு” என்றார்.

நிலையத்துக்கு முன்னதாகவே சென்றோம். தாய்லாந்தில் தொழுகைக்கு வழங்கும் சொல் ‘லமாட்’. காவலாளியிடம் அச்சொல்லைச் சொன்னதும் நிலையத்தினுள் இருந்த தொழுகை அறைக்கு வழி காட்டினார். மஃரிபை அங்கே தொழுதோம். ஒரு வாரம் பாங்காக்கில் தங்கியிருந்ததால் அங்கே நாங்கள் முஸாஃபிர்கள் அல்லர். எனவே இஷாவை முற்படுத்தாமல், ஊர் எல்லை கடந்தபின் கஸ்ராகத் தொழ எண்ணிக்கொண்டோம்.

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக அட்டையைப் பணிப்பெண்ணிடம் நீட்டினேன். நடுத்தர வயதுப் பெண்மணி, பௌத்தர். நின்றபடியே படித்தார். பின் ஓட்டுநரிடம் கொண்டு சென்றார். இருவரும் ஏதோ பேசினார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பி வந்தவர் கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளைத்துச் சரியென்று காட்டி, கைக்கடிகாரத்தில் ஐந்தரையைத் தொட்டுக் காட்டினார். தின்பண்டப் பெட்டிகளில் இரண்டைத் திறந்து பார்த்து, வாழைப்பழமும் பாலும் உள்ளவற்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

வண்டி பெட்சபுரியையும் ஹுவாஹினையும் கடந்தது. பிரசுவாப் மாவட்டத்தில் ஓரிடத்தில் கடலுக்கும் மியன்மார் எல்லைக்கும் இடையே தாய்லாந்தின் அகலம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். அந்த இடுக்கின் வழியேதான் தெற்கே போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் செல்கின்றன. இருளில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வரும் லாரிகளின் விளக்கொளி மட்டுமே.

நள்ளிரவு உணவு நிறுத்தத்தில் பணிப்பெண்ணே எங்களை மூலை மேசைக்கு அழைத்துச் சென்றார். முக்காடிட்ட பெண்மணி ஒருவர் சோறும் மீன் குழம்பும் முட்டைப் பொரியலும் பரிமாறினார். என் துணைவியாரைக் கண்டதும் அவர் ஸலாம் சொல்ல, இவரும் பதில் சொல்ல, மொழியே இல்லாமல் இருவரும் ஐந்து நிமிடம் உறவாடினார்கள். இஷாவையும் அங்கே முடித்தோம்.

அதன்பின் எனக்கு உறக்கமில்லை. சூரத்தானி கடந்தது, துங்சோங் கடந்தது. ஐந்து இருபதுக்குக் கிழக்கே சற்று வெளுப்பு. பேருந்து தெற்கு நோக்கிச் செல்கிறது. எனவே கிப்லா வலக்கைப் பக்கம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். நிற்காவிட்டால் இருக்கையிலேயே தொழுதுவிட வேண்டும் என்று உளூவுக்குத் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்து வைத்தேன்.

ஐந்தரைக்குச் சிறிது முன் வண்டி வேகம் குறைந்து ஒரு பெட்ரோல் நிலையத்தினுள் திரும்பியது. ஓட்டுநர் மாறும் இடம். தென் தாய்லாந்தின் பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் தொழுகைக்கென்று ஒரு சிற்றறை உண்டு, அங்கும் இருந்தது. பணிப்பெண் எங்கள் இருக்கைக்கு வந்து, “லமாட்” என்றார்.

நாங்கள் இறங்கினோம். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசைகளிலிருந்து ஒருவர், இருவர், மூவர் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கல்லூரி மாணவர் போன்ற இளைஞர் இருவர், குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தாய், கைலி உடுத்த முதியவர், அவர் மனைவி, இன்னும் இருவர். எங்களோடு சேர்த்து ஒன்பது பேர்! அத்தனை பேரும் தென்னாட்டு முஸ்லிம்கள். வண்டி நிற்குமா என்று அவர்களும் என் முதற்பயணத்தைப் போலவே வாய் திறவாமல் அமர்ந்திருந்தவர்கள்.

பெண்கள் பகுதியில் வெண்ணிறத் தொழுகை ஆடைகள் மாட்டியிருந்தன. என் துணைவியாருக்கு அந்த இளந்தாய் ஒன்றை எடுத்துக் கொடுத்து, தன் குழந்தையைப் பாயின் ஓரத்தில் கிடத்தினாள். இளைஞர்களில் ஒருவர் முன் நின்று தொழ வைத்தார். இரண்டாம் ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்ததும் கைகளை உயர்த்திக் குனூத் ஓதத் தொடங்கினார். ஷாஃபிஈ மத்ஹபினரான எங்களூர்ப் பள்ளியில் சிறுவயது முதல் கேட்ட அதே குனூத்! கண்களை மூடிக்கொண்டால் நான் நிற்பது எங்கே? வாப்பாவின் பக்கத்தில் நின்று ஆமீன் சொன்ன நாள்கள் நினைவுக்கு வந்தன. கண்ணீரை அடக்க இயலவில்லை.

ஸலாம் கொடுத்ததும் விரைந்து எழுந்தோம். எட்டு நிமிடங்களே ஆகியிருந்தன. வண்டியருகே புதிய ஓட்டுநர் காப்பி அருந்திக்கொண்டிருந்தார். நன்றி சொல்லக் கை கூப்பினேன். அவரும் கூப்பினார். பணிப்பெண்ணோ ஒன்பது பேரையும் தலை எண்ணி ஏற்றிவிட்டு, அந்த அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கைலி முதியவர் என்னைக் கடக்கும்போது தோளைத் தொட்டு, “யார் கேட்டது?” என்றார் மலாயில். நான் அட்டையைக் காட்டினேன். “நாங்கள் இந்நாட்டவர். எங்களுக்கே கேட்கத் தோன்றவில்லை” என்று சொல்லித் தம் இருக்கைக்குப் போனார்.

காலை எட்டரைக்கு ஹாட்யாய். நிலையத்துக்கு வெளியே முஸ்லிம் கடைகளில் அந்நகருக்குப் பெயர் வாங்கித் தந்த பொரித்த கோழி, மேலே தூவிய பொன்னிற வெங்காயம், பக்கத்தில் ஒட்டரிசிச் சோறு. பன்னிரண்டு மணி நேரம் இறைச்சியைத் தள்ளி வைத்திருந்த இருவரும் மன நிறைவோடு பசியாறினோம், அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வழியே செல்லக் கருதுவோருக்குச் சில குறிப்புகள்:

1. உங்கள் தேவைகளை அந்நாட்டு எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி புறப்படும் முன்பே காட்டுங்கள். ஓடும்போது கேட்டால் ஓட்டுநருக்கும் சிரமம்.

2. தாய்லாந்து மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் முஸ்லிம்கள். அந்நாட்டு மத்திய இஸ்லாமியக் கவுன்சில் வழங்கும் ஹலால் முத்திரையைப் பொட்டலப் பண்டங்களில் பார்த்து வாங்கலாம். பிறையும் நட்சத்திரமும் வரைந்த பலகை முஸ்லிம் உணவகத்தின் அடையாளம். ‘காவ் மோக் காய்’ என்பது அவர்கள் செய்யும் கோழி பிரியாணி. மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்துள்ள ‘ஜே’ கடைகளில் இறைச்சியும் மீனும் சேர்ப்பதில்லை.

3. பௌத்தத் துறவிகள் பெண்களின் அருகே அமர்வதில்லை. முன்னிருக்கைகள் அவர்களுக்கு ஒதுக்கப்படுவதுண்டு. பெண்கள் இதை அறிந்து இடம் தேர்ந்தால் இருதரப்புக்கும் கண்ணியம்.

4. 2004 முதல் பத்தானி, யாலா, நராத்திவாத் பகுதிகளில் கலவரங்கள் நடந்துள்ளன. தெற்கே சாலைச் சோதனைகள் இருக்கும். கடவுச்சீட்டைப் பெட்டியில் பூட்டாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

5. வண்டி நிற்காது என்று சொன்னால் வாதாட வேண்டாம். வக்து தப்பாமல் இருக்கையில் இயன்றபடி தொழுதுவிட்டு, பின்னர் அதை மீட்டித் தொழுவது பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் மத்ஹபுப்படி விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். அதைப் புறப்படும் முன்பே கேட்டு வைப்பது நன்று.

அந்த அட்டை இப்போதும் என் கடவுச்சீட்டின் உறைக்குள் இருக்கிறது. ஓரங்கள் மடங்கிவிட்டன. சென்ற மாதம் காக்காவின் மகன் ஹாட்யாய் சென்றபோது அதைப் படமெடுத்து அனுப்பினேன். தானும் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டதாகச் சொன்னான். அவன் கேட்கும் வண்டியில் எத்தனை பேர் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

பயணத்திலும் இருப்பிடத்திலும் நம் தொழுகைகளை வக்தில் நிறைவேற்றவும், பிறருக்கு இடைஞ்சல் இல்லாமல் நம் தீனைப் பேணவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.